பதினாறு குழி

பழைய நைட்டியில் சுற்றி
மடியில் வைத்திருந்தேன் எஞ்சினை.
வாலாஜாவில் அன்சர் பாய் தராசில் நிறுத்தார்,
இருபத்துமூணு கிலோ.
ஆற்காடு தாண்டியதும் கண்டக்டர் குனிந்தார்:
"இன்னாம்மா அது, கொழந்தையா?"
"ஸ்ப்ளெண்டர்."
லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.
மேல்விஷாரத்தில் தொடை மரத்துப்போனது.
சத்துவாச்சாரியில் இறங்கியபோது
சுடிதாரில் கறுப்பாய் ஒரு வட்டம்,
இன்னும் போகவில்லை.

ஷெட்டில் மூவாயிரம் கேட்டார்கள்.
காசுக்காக இல்லை என்றால் பொய்.
ஆனால் பாலாற்றுப் பாலத்தின் நடுவில்
காலை ஷிப்டுக்குப் போகும்போது அது நின்ற அன்று,
கீழே மணல், பின்னால் லாரி ஹாரன்,
ஏழு வருஷம் முழங்காலுக்கு நடுவில் வைத்து ஓட்டியதற்குள்
என்னதான் இருக்கிறதென்று தெரியாமல் நின்றேன்.
அது காசைவிடக் கூசியது.

மாடிப்படிக்குக் கீழேதான் இடம்.
"டைல்ஸ்ல ஆயில் படக்கூடாது"
சம்பங்கி நாயுடு மூன்றாம் முறை வந்து சொல்லிவிட்டார்.
கம்பெனிப் பெட்டிகளைப் பிரித்து
சுவரிலிருந்து கேட் வரை விரித்திருக்கிறேன்.
எல்லாவற்றிலும் ஒரே அச்சு:
பெண்கள், கறுப்பு, முப்பத்தெட்டு.
கப்பலேறாமல் நின்றுபோன ஆர்டர்.

பதினொரு வருஷமாய் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
தப்பினால் நூலைப் பிரிக்கலாம்,
ஊசி போன ஓட்டையை என்ன செய்வது?
இரும்பில் அந்தப் பயம் இல்லை என்றிருந்தேன்
சைலன்சர் நட்டில் ஸ்பானர் வைக்கும்வரை.
மூன்று நாளாய் டீசல் விடுகிறேன்,
காலையில் ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டு,
கண்ணுக்கு மருந்து விடுவதுபோல.
நேற்று அரைச் சுற்று நகர்ந்தது.
அந்தக் கீச்சலுக்கு
எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

ஒயர்களை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தாயிற்று.
தேவகிருபை பெயரெழுதி ஒட்டினாள்,
பச்சை, பச்சையில் சிவப்புக் கோடு,
கறுப்பில் வெள்ளை.
"ஒயர் மாறினா வெடிக்குமாடி?"
"ஹாரன் அடிச்சா இண்டிகேட்டர் எரியும், அவ்ளோதான்."
எனக்கும் நிச்சயமாய்த் தெரியாது.

நட்டு போல்ட்டுக்கு இட்லித் தட்டு.
நான்கு அடுக்கு, பதினாறு குழி.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு:
முன் மவுண்ட், பின் மவுண்ட், கியர் லிவர்,
செயின் கவர், கிளச் கேபிள்...
பதினாறாவதில் மட்டும் எதுவும் எழுதவில்லை.
கடைசியில் ஒன்று மிஞ்சுமாம்,
எல்லாரும் சொல்கிறார்கள்.
மிஞ்சுவதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

பழைய டயர் ஒன்று, எஞ்சினை இறக்கி வைக்க.
செங்கல் எட்டு. பலகை.
அன்சர் பாயின் பில், ஆர்.சி. புத்தகத்துக்குள்.
திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று.
சர்ச் முடிந்து பத்தரைக்கு வருவாள் தேவகிருபை.
தூக்க இரண்டு பேர் போதும்,
அவள் இடுப்பு ஒத்துழைத்தால்.

ராத்திரி ஒன்பதரைக்கு
கடைசியாய் ஒருதரம் உதைத்தேன்.

ஒரே உதை.
நாலு மாசமாய்ப் பாடாய்ப் படுத்தியது
பிடித்துக்கொண்டு சீராய் ஓடுகிறது.
புகைகூட இல்லை.
அடிப்பாவி.

நாயுடு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்:
"நல்லாத்தானே கீது?"

பதில் சொல்லவில்லை.
குனிந்து பெட்ரோல் டேப்பை மூடினேன்.
கார்புரேட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டே
நான்கு நிமிஷம் ஓடியது.
சுருதி ஏறியது, இறங்கியது,
இரண்டு இருமல்.
தெருவில் திடீரென்று
யார் வீட்டிலோ குக்கர் விசில்.

சூட்டோடுதான் ஆயில் முழுசாய் இறங்கும்.
உட்காரவில்லை நான்.
பேசினை இழுத்துவைத்து டிரெயின் போல்ட்டைத் திருகினேன்.
ஒரு கறுப்பு நூல்
அறாமல் விழுந்தது, வெகுநேரம்.
கடைசிச் சொட்டு பளபளத்தது,
பொடிப்பொடியாய் இரும்பு.

முதல் குழியில் முதல் போல்ட்.

ஃபிரிட்ஜில் மாவு பொங்கியிருக்கிறது.
நாளைக்கு தோசைதான்.