சாவி

கமிட்டித் தேர்தலில்
பதினோரு ஓட்டில் என்னைத் தோற்கடித்த
தவசிமுத்து
மண்சரிவுக்கு மறுநாள், ஞாயிறு,
கோயிலுக்குள் தனியாக நின்றிருந்தார்
வேட்டியை மடித்துக்கட்டி.

சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் போனேன்.
இனி அந்தப் படி மிதிப்பதில்லை என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.

கோத்தகிரி மழை
தகரத்து ஓட்டை வழியே
பீடத்துக் கம்பளத்தில் இறங்கியிருந்தது.
ஐயர் குன்னூரிலேயே மாட்டிக்கொண்டாராம்.

வேறொன்றும் பேசவில்லை அவர்.
கம்பளத்தின் ஒரு முனையை
என் பக்கம் நீட்டினார்.
எதிரெதிரே நின்று முறுக்கினோம்.
சாயம் முழங்கை வரை
சிவப்பாய் வழிந்தது,
இரண்டு பேருக்கும்.

ஒன்பதரைக்கு
தேயிலைச் சரிவிலிருந்து
குடைகள் மூன்று ஏறி வந்தன.
"மணி?" என்றார்.

கயிறும் நனைந்துதான் இருந்தது.
அடித்தேன்.

சாவி இன்னும்
என் சட்டைப்பையில்.