அளவுக்கழி

வருஷத்தில் நாலு மாசம் நாகபூஷணத்துக்கு
வடக்கே, பனியாற்றின் மேல் வேலை.
நீராவியால் துளையிட்டு
மூங்கில் கழியை இறக்குவான்,
நுனி மட்டும் வெளியே தெரிய.
அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால்
கழி ஆளுயரம் வளர்ந்திருக்கும்.
"மூங்கில் எங்கடா வளருது,
தரைதான் இறங்குது" என்றான்
டீயை ஊதி ஊதி.

ராத்திரியில் பனி முனகுமாம்,
பளு ஏற்றிய லாரி
மேட்டில் கியர் மாற்றுவதுபோல.

நாங்கள் நின்றது ஊத்துக்கோட்டையில்,
ஆரணியாற்றுக்கு உள்ளே.
சத்தியவேடு போகிற லாரியொன்று
தலைக்குமேல் பாலத்தை உலுக்கிப் போனது.

பேச்சை விட்டுவிட்டுத்
தூணருகே போனான்.
மணலுக்குள் கிடக்கவேண்டிய அடித்தளம்
என் மார்புக்கு நேரே,
வெயில் பார்த்துப் பழகாத சிமெண்டு நிறத்தில்.

பையிலிருந்து டேப்பை எடுத்தான்.
"ஒரு முனையைப் பிடி."
குனிந்து பிடித்தேன்.
ஒன்று நாற்பது.
இதை எந்த நோட்டில் எழுதுவதென்று தெரியாமல்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

போன தையில்தான்
என் வீட்டுக்கு மாடி எடுத்தேன்.
மணல் ஏது என்று
அவன் கேட்கவில்லை.
நான் முனையை விட்டதும்
சரக்கென்று
அவன் கைக்குள் போய்ச் சுருண்டது டேப்.