பதினெட்டாவது

கிங் தெரு ஸ்ட்ரீட்கார் என்னை இறக்கிவிட்டபோது
மைனஸ் பதினொன்று.
முன்பு கம்பளத் தொழிற்சாலை, இப்போது கார்ட்டூன்.
வரவேற்பு மேசைப் பெண் கேட்டாள்:
நடிகரா, எழுத்தாளரா?
இரண்டும் என்றேன்.
ஒரு அட்டைதான் தந்தாள்.
அதில் தர்மினி, டார்மினி ஆகியிருந்தாள்.

எழுத்து அறையில் ஒன்பது பேர்,
ஒரு பெட்டி டோனட்,
சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு.
பன்னிரண்டு வருடமாய் மதுக்கடை மேடைகளில்
தனியே செத்துப் பழகியவள் நான்.
இங்கே ஒரு பகிடியைக் கொல்ல
வாக்கெடுப்பு வைக்கிறார்கள்.
ஒருவரும் சிரிப்பதில்லை.
"அது வேடிக்கையாய் இருக்கிறது" என்கிறார்கள்,
பிரேதப் பரிசோதனை முடித்த குரலில்.

என் கதை இருபத்திரண்டு நிமிடம்.
வங்கிக் காசாளர் வேலையை விட்ட ஒருத்தி
தான் மேடை ஏறியதற்கு ஐந்து காரணங்களை
விரல் மடித்துச் சொல்கிறாள்.

கோப்பி இலவசம்.
கதிரையில் இருக்கத் தேவையில்லை.
மைக் குறுக்கே பேசாது.
பதினொரு மணிக்கு ஏன் வீட்டில் இல்லை என்று
கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கும்.

ஐந்தாவதற்கு வாயைத் திறந்தேன்.
ஓவியர் ஹ்யூகோ தொண்டையைச் செருமினார்.
"எங்கள் ஆட்களுக்கு நாலு விரல்தான்."

தான் வரைந்த என்னைத் திருப்பிக் காட்டினார்.
மூக்கு நன்றாய் வந்திருந்தது.
கூந்தல், மழைக்கு முந்தைய ஏதோ ஒன்று.
கையில் ஒரு கட்டைவிரல்,
பக்கத்தில் மூன்று கதலிப்பழம்.

எனக்கு மட்டும் ஒன்று கூட்டலாமே?
அவர் உண்மையாகவே யோசித்தார். பிறகு
"மற்றவர்களும் கேட்கத் தொடங்குவார்கள்" என்றார்.

ஒன்பது கைகள் உயர்ந்தன.
ஒரு விரலை நீக்க
நாற்பத்தைந்து விரல்கள்.

மதியம் ஒலிப்பதிவு.
வசனம் பத்து நிமிடத்தில் முடிந்தது.
இனி விழும் சத்தங்கள், என்றது கண்ணாடிக்கு அப்பால் ஒரு குரல்,
உங்கள் மொழியில் எப்படி விழுவீர்களோ அப்படியே.
கதிரையிலிருந்து ஒரு ஐயோ.
கூரையிலிருந்து, மூச்சு நீள, ஒரு ஐயோ.
ஒன்ராறியோ ஏரிக்குள், கடைசி எழுத்தில் தண்ணீர் புகுந்து.
இன்னும் சின்னதாய்.
இன்னும்.
யாருக்கும் கேட்கக் கூடாது என்று விழுங்கினால் எப்படி, அப்படி.

பதினேழாவதை நான் நடிக்கவில்லை.
எங்கிருந்து வந்ததென்று தெரியும், சொல்ல மாட்டேன்.
ஒலிப்பதிவாளர் தலை நிமிர்ந்தார்.
"இதை வைத்துக்கொள்வோம்."

மார்ச்சில் ஒளிபரப்பு.
என்னைப் போல ஒருத்தி ரிவிக்குள்
நாலு காரணம் சொல்லி, நாலு விரல் மடித்து,
காலியான கையோடு நின்றாள்.
பதினேழாவதை எதிர்பார்த்திருந்தேன்.
அவள் விழவில்லை.
கடைசிக் காட்சியில் ஒரு ரக்கூன்
குப்பைத்தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தது,
என் குரலில்.

தங்கச்சி மட்டும் செய்தி அனுப்பினாள்:
"அக்கா, அந்த ரக்கூன் நீதானே?"

அன்றிரவு ஸ்கார்பரோவில், பின்வாசலில்,
பச்சைத் தொட்டியின் மேல் நிசமான ஒன்று.
நகரசபை பெருமைப்பட்ட பூட்டைத்
தடவித் தடவித் திறந்துகொண்டிருந்தது.
வாசல் விளக்கில் எண்ணினேன்.
ஐந்து.
இரண்டு கையிலும் ஐந்து.

மூடி திறந்தது, தொட்டி சாய்ந்தது,
தொட்டியோடு அதுவும் போயிற்று.
ஒரு சத்தமும் போடவில்லை.
பனிக்குள்ளிருந்து எழுந்து,
உரித்த வாழைத்தோலோடு என்னைப் பார்த்தது.

பதினெட்டாவதை
நான்தான் சொன்னேன்.