நூற்று நாற்பது மில்லிசெக்கன்

இரவு எட்டுக்கு நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனதும்
போட்டோகொப்பி மெஷினின் சூடு ஆறாத அறையில்
எனக்கொரு நீள்வாள் கிடைக்கும்.
இரும்புத் தொப்பி. முழங்கால்வரை சேறு.
வெளியே தலவாக்கலை நனைந்துகொண்டிருக்கும்;
உள்ளே, அந்தக் கோட்டை வாசலில்,
எப்போதும் வெயில்.

முதல் மாதம் செத்துக்கொண்டே இருந்தேன்.
மிளகாய் இடிப்பதுபோல் வீசுவேன்,
நாலாவது வீச்சில் தம் தீர்ந்து
வாள் கைநழுவும்.
எவனோ ஒருவன் அவசரமில்லாமல் நடந்துவந்து
தலையை எடுத்துக்கொண்டு போவான்.
விழுந்த தலையின் கண்வழியே
எட்டு செக்கன் புல்லைப் பார்த்துக் கிடப்பேன்.
அவ்வளவு பச்சை.
யாரும் கிள்ளாத பச்சை.

சேர்வர் சிங்கப்பூரில்.
அவர்கள் ஓங்குவதற்கும் நான் அதைக் காண்பதற்கும் நடுவில்
நூற்று நாற்பது மில்லிசெக்கன்.
கிரேட் வெஸ்டர்ன் மலையில் முகில் இறங்கினால் இருநூறு.
வாளைப் பார்ப்பவள் ஏற்கெனவே வெட்டுப்பட்டவள்.
ஆகவே வாளை விட்டுத் தோளைப் பார்த்தேன்,
பிறகு தோளையும் விட்டு
எந்தக் காலில் உடம்பு கனக்கிறது என்று.
ரீலோட் போட வருகிறவர் வாய் திறக்குமுன்பே
கடன் கேட்கப்போகிறார் என்று தெரியுமே,
அந்த மாதிரி.

பொய்வீச்சு பழகினேன்:
பாதி ஓங்கி, அதை விழுங்கி, மறுபக்கம் எடுப்பது.
இழுவை பழகினேன்:
இடுப்பைத் திருப்பி வெட்டைப் பிந்தவைப்பது,
எதிராளியின் தடுப்பு எழுந்து, காத்திருந்து,
அலுத்து இறங்கும்வரை.
எழுதினால் ஆறே வரி.
மணிக்கட்டில் தைலம் பூசிப் படுத்த இரவுகளை
எண்ணவில்லை.

ஒருவனிடம் மட்டும் ஒன்றும் பலிக்கவில்லை.
வுல்ஃப்052.
நாற்பது முறை என்னைக் கொன்றான்.
பிணத்தை உதைக்கமாட்டான்,
செத்தவளைச் சுற்றிக் குதித்து ஆடமாட்டான்.
பொய்வீச்சுக்கு முன் மட்டும்
இடப்பக்கம் அரை எட்டு வைப்பான்.
ஏதோ குளிர்நாட்டான் என்றிருந்தேன்.

கார்த்திகையில் ஓரிரவு அந்த அரை எட்டைக் கண்டேன்.
பொய் என்று தெரிந்தது. தடுக்கவில்லை.
உண்மை வந்தது. தடுத்தேன்.
இரும்பில் இரும்பு.
என் முறை.

அப்போது கரண்ட் போனது.
கடைவீதி முழுக்க இருட்டு, ஸ்டேஷன் பக்கமும்.
நானாவின் யூபிஎஸ் ஏழு நிமிடம் தாங்கும்,
கீச் கீச்சென்று கத்திக்கொண்டு.
திரையில் வெயில் அப்படியே இருந்தது.
அவன் மட்டும் உறைந்திருந்தான்,
ஒரு கால் மண்ணைத் தொடாமல்,
வாள் அந்தரத்தில்.

சைபர் ஐம்பத்திரண்டு.
எங்கள் கடைப் பலகையில்
நம்பருக்கு முன்னால் எழுதியிருக்கும் அதே ஐம்பத்திரண்டு.
குளிர்நாட்டான்தான்.

அடித்தேன்.
பொய் சொல்லி ஆவதென்ன, அடித்தேன்.
நாற்பதுக்கு ஒன்று என்று திரை எழுதியது.
மீதி ஐந்து நிமிடமும்
அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கவுண்டரில் எல்லார் கைகளையும் பார்த்தேன்.
பாங்க் கிளார்க்கின் மோதிர விரல்,
மரக்கறி லொறிக்காரரின் வெடித்த நகம்.
பதினொரு மணிக்கு ஒருத்தி,
லிந்துல பஸ் டிக்கட்டை விரலில் சுற்றியபடி.
இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து
ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி,
பாதியில் இழுத்து,
மற்றக் கையால் முந்நூறை வைத்தாள்.
என் கை அசையவில்லை.
முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“ராத்திரி எங்க பக்கம் கரண்ட் போச்சு.”
“இங்கயுந்தான்.”
“அப்படியா” என்றாள்,
யூபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒன்றைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
பின்னால் நின்றவர்
ஐடென்டிட்டி கார்டை மேசையில் வைத்து
ரெண்டு கொப்பி என்றார்,
முன்னும் பின்னும்.