பொருள் தோன்றிய நாடு

ஒன்பதாம் கட்டம் மட்டும் இன்னும் வெறுமை.
மூன்று மொழியிலும் ஒரே கேள்வி:
பொருள் தோன்றிய நாடு.

கொழும்புத் துறைமுகம், ஐந்தாம் கிட்டங்கி.
மின்விசிறி சுழல்வதை விட இருமுவது அதிகம்.
கண்காட்சிக்கு வந்த பெட்டியை
மிஹ்ளார் ஆணி பிடுங்கித் திறக்கிறான்.
வெள்ளைப் பஞ்சுக்குள் ஒரு தோற்பை.
ஆட்டுத்தோல். அவுரி ஊறி ஊறிக் கறுத்த நீலம்.
மூடியில் வளைந்து வளைந்து
ஆறு வரிசைச் சோழிகள்.

கூட வந்த தாள் சொல்கிறது:
சகாராவின் தென்விளிம்பு,
பதினான்காம் நூற்றாண்டாக இருக்கலாம்;
வளைவுகள் மணல்மேடுகளைக் குறிக்கும்.
"மணலோ? இது அலையெல்லோ, சேர்"
என்கிறான் கற்பிட்டியில் வலை இழுத்தவன்.

தைத்தவள் கடலைக் கண்டிருக்க மாட்டாள்.

மாலைதீவுக் கரையில்
தென்னோலையை மிதக்கவிட்டுப் பிடித்து,
குழியில் புதைத்து,
சதை அழுகி உதிர்ந்தபின் கழுவி எடுத்த காசு இது.
கப்பலின் அடிவயிற்றில் வெறும் பாரமாய்க் கிடந்து
இந்தத் துறையிலும் ஒரு மழைக்காலம் ஒதுங்கியிருக்கும்.
பிறகு ஏடன். பிறகு கெய்ரோ.
பிறகு ஒட்டகத்தின் விலாவில்
உப்புப் பாளங்களோடு உரசி உரசி
நாற்பது நாள், ஐம்பது நாள்.
உப்பும் எப்போதோ கடலாய் இருந்ததுதான்.

காசாய்க் கைக்கு வந்ததை
அவள் செலவழிக்காமல் தைத்துவிட்டாள்.
எத்தனை நாள் தானியமோ அந்த மூடியில்!
வாய்ப்பக்கம் வெளியே தெரிய,
ஒவ்வொன்றும் எதையோ சொல்ல எடுத்தாற்போல.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், வழமைப்படி.
ஒரு தேக்கரண்டி மணல்.
வெளிநாட்டு மண்ணுக்கு அனுமதியில்லை;
தடுப்புக்காப்புப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும்.
நான் படிவம் தேடுவதற்குள்
மிஹ்ளார் செருப்பால் தேய்த்துவிட்டான்.
இனி அது கொழும்பு மண்.

"மீள் இறக்குமதி என்று போடலாமா, மேடம்?" என்றேன்.
நில்மினி மேடம் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார்:
"வெளியே போன திகதி?"
எழுநூறு வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
தாமதக் கட்டணம் நினைவுக்கு வந்தது.
சும்மா இருந்துவிட்டேன்.

மாலி என்று எழுதத் தொடங்குகிறேன்.
மா.
பிறகு ல.
மேலே ஒரு வளைவு போட்டால் வேலை முடிந்தது.
ஆனால் இரண்டுக்கும் நடுவே
இடம் கொஞ்சம் கூடிப்போயிற்று,
வேண்டுமென்றே அல்ல;
ஓர் இரட்டைக் கொம்பு தாராளமாய் நுழையும்.
மாலே ஒரு நாடல்ல,
தலைநகர்தான். தெரியும்.

பாரந்தூக்கி அடுத்த கொள்கலனை இறக்குகிறது, மேசை அதிர.
மிஹ்ளார் தேத்தண்ணிக்குப் போய்விட்டான்.
அந்த இடைவெளியின் மேல்
பேனை இன்னும் நிற்கிறது,
மையில் ஒரு துளி கனத்துக்கொண்டிருக்க.