மயில்துத்தம் ஒரு சிட்டிகை

சடையங்குப்பம் தாண்டி, குழாய்கள் ஆற்றைக் கடக்கிற இடத்தில்
கம்பெனி என்னிடம் ஒப்படைத்தது நூற்று நாற்பத்திரண்டு.
பதிவேட்டில் 'பசுமை வளையம்'.
எனக்குத் தென்னம்பிள்ளைகள்.

மண் என்றார்கள்.
மிதித்தால் இறங்கியது, காலை எடுத்தால் எழும்பியது,
தூங்குகிறவன் வயிறு மாதிரி.
ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன்,
விரலிடுக்கில் பால் ஊற்றாத டீ வழிந்தது.
எந்தக் காலத்துக் கோரையோ
மட்கி முடிக்க நேரமில்லாமல்
ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கறுத்துக் கிடக்கிறது.
மண்வெட்டியில் ஒரு கல் தட்டவில்லை.
நாள் முழுக்கச் சத்தமே இல்லாமல் குழி வெட்டினேன்.

சூப்பர்வைசர் தணிகாசலம் யூரியா இறக்கினார்.
கன்றுக்கு ஒரு டீ கிளாஸ்.
அமோனியா கண்ணைக் கடிக்கிற ஊரில்
இன்னும் எதற்கு என்று கேட்கவில்லை.
கேள்விக்குக் கூலி கிடையாது.

மூன்றாம் மாதம் பிள்ளைகள் கொழுகொழுவென்று நின்றன.
போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.
ஐந்தாம் மாதம்
குருத்தின் நுனி கருகியது,
ஓலை பிரியாமல் முறுக்கிக்கொண்டது.
பஸ்ஸில் தூங்கிப் பக்கத்து ஆள்மேல் சரிகிறவர்கள்போல
ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.

முறுக்குப் பாக்கெட்டில் கட்டி அனுப்பிய மண்ணைப் பார்த்துவிட்டு
ஆய்வுக்கூடத்திலிருந்து பூங்குழலி என்று ஒரு பெண் பேசினாள்:
"தழைச்சத்து போடாதீங்க அக்கா, அந்த மண்ணே தழைதான்.
செம்பு இல்ல. சாம்பல்சத்தும் இல்ல."

சிரித்துவிட்டேன்.
சாம்பல் இல்லையாம், எங்களுக்கு!
கொடியில் காயும் பாவாடையில்,
மூடி வைத்த சோற்றில்,
பிள்ளை தும்மினால் கைக்குட்டையில்.
செம்பு இல்லையாம்!
கொடுங்கையூரில் என் தம்பி ராத்திரி ராத்திரி
வயரைக் கொளுத்தி எதை எடுக்கிறானாம்?

"அது நிலக்கரிச் சாம்பல் அக்கா.
விறகுச் சாம்பல் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை முஸ்தாக் பாய் கடையில்
பிரியாணிக்குத் தம் போட்ட அடுப்பு ஆறுகிறவரை காத்திருந்தேன்.
புளியவிறகு, இரண்டு கோணி.
ஷேர் ஆட்டோக்காரன் ஒரு ஆளுக்கான காசு சேர்த்து வாங்கினான்.
மயில்துத்தம் செங்குன்றத்தில், என் சொந்தக் காசில்.
பொட்டலத்தைப் பிரித்தபோது
கருப்பும் புகையும் தவிர வேறு நிறம் பார்க்காத அந்த இடத்தில்
அப்படி ஒரு நீலம்,
கொஞ்ச நேரம் கொட்டாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.
கன்றுக்கு ஒரு சிட்டிகை.
சாய்ந்தவற்றுக்கு இடுப்புவரை மண் அணைத்தேன்.

முப்பத்தொன்று போய்விட்டன.
எண்பத்தேழாவது போன வாரம் ஒரு ஓலை விரித்தது,
நேராக.
கிட்டப்போனால் லேசாகப் பட்டை கிராம்பு வாசம்,
அல்லது எனக்குப் பசி.

'யூரியா இடப்பட்டது' என்ற கட்டத்தில்
மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறேன்.
மூட்டைகள் கொட்டகைக்குப் பின்னால்
பனி குடித்து இறுகிவிட்டன.
அந்த நிலத்தில் கல் என்று இருந்தால் அதுதான்.
மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்துதான்
டிபன் பாக்ஸைத் திறக்கிறேன்.