எதிர்க்காற்றில் கால் மணி

கோப்பின் பெயர்: தூத்துக்குடி – ஹூப்ளி.
வான்வழி எண்ணூற்று நாலு கிலோமீட்டர்,
எழுபத்திரண்டு இருக்கை, இரண்டு விசிறி.
எங்கள் கம்பெனி இதுவரை பறக்காத கோடு.

தேவனஹள்ளி சாலையில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது,
நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
எங்களுக்கு விமானம் என்பது
சக்கரத்தடியில் கட்டையை உருவிய நிமிடம் முதல்
இன்னோர் ஊரில் கட்டையைச் செருகும் நிமிடம் வரை.
நடுவில் மேகம் வந்தால் அது வேறு டிபார்ட்மென்ட்.

கோட்டின் தெற்கு முனை என்னுடையது.
வாகைக்குளம். கூசும் வெயில்,
காரில் ஏறுமுன்னே உதட்டில் உப்பு.
வடக்கு முனை பக்கத்து மேசைக்கு உரியது.
சித்தலிங்க அங்கடி, கோகுல் ரோடு.
மத்தியானம் கையால் தட்டிய சோள ரொட்டி,
எனக்கும் ஒன்று வைப்பான், கேட்காமலே.

அங்கடி என்றால் அவன் மொழியில் கடை.
நம்மிடம் அது அங்காடி.
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று
டிஷ்யூ தாளில் எழுதிக் காட்டினேன் ஒருநாள்.
‘மிஸ் மச்சாது, அந்தக் காலை நான் வைத்துக்கொள்ளட்டுமா?’
தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
கை துடைக்க வேறு தாள் தேட வேண்டியதாயிற்று எனக்கு.

ஜூலை மாதத்துக் காற்றைப் போட்டுப் பார்த்தோம்.
மேற்கிலிருந்து அடிக்கிறது.
ஹூப்ளியிலிருந்து என் ஊருக்கு ஒன்றே முக்கால் மணி,
என் ஊரிலிருந்து ஹூப்ளிக்கு இரண்டு.
அதே தூரம், அதே இறக்கை.
அவன் வருவது எளிது,
நான் போவதற்குத்தான் எதிர்க்காற்று.
கால் மணி.
பழைய தமிழில் கால் என்றால் காற்றும்தான்.
இந்தத் தடவை எழுதிக் காட்டவில்லை.

திரையில் கோட்டை இழுத்தேன்.
கோயம்புத்தூரின் உச்சந்தலை மேல்,
மைசூருக்குச் சற்று மேற்கே,
அரசிகெரெத் தென்னைகளைத் தாண்டி
நேராகப் போயிற்று, கூச்சமில்லாமல்.
பெங்களூர் அதில் இல்லை.
நூற்றெண்பது கிலோமீட்டர் கிழக்கே தள்ளி
நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.
எல்லாக் கோடும் இங்கே வந்து ஒடிவதால்தான்
நானும் இங்கே இறங்கினேன்,
அவனும்.
நேர்க்கோடு ஓடும் ஊர்களில்
யாருக்கு யார் ரொட்டி வைப்பார்கள்?

‘நாளைக்கு எத்தனை பேர் தேறுவார்கள்?’
தில்லியிலிருந்து மேலாளரின் குரல், ஸ்பீக்கரில்.
சர்வே ஒன்பது என்கிறது.
பதினொன்று என்று தட்டினேன்.
அங்கடி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கூட்டலைச் சரிபார்ப்பவன் போலத் தலையை மட்டும் ஆட்டினான்.
பதினொன்றுக்கும் விமானம் விடமாட்டார்கள்,
தெரியும் இருவருக்கும்.

சாயங்காலம் ஹெப்பாள் மேம்பாலத்தில்
யாரோ கட்டை செருகியதுபோல் நின்றது கேப்.
முன்னால் சிமென்ட் லாரி, பின்னால் ஆம்புலன்ஸ், அதற்கும் வழியில்லை.
ஆபீஸிலிருந்து கிளம்பி ஒன்றே முக்கால் மணி.
‘இந்நேரம் உங்கள் ஊரில் இறங்கியிருப்பேன்’ என்றான் கடிகாரம் பார்த்து.
இறங்கி என்ன செய்வாய் என்று கேட்டிருக்கலாம்.

அவன் பக்கத்துக் கண்ணாடி திறந்திருந்தது.
அவனைக் கடந்து என் முகத்தில் அடித்தது காற்று,
கொஞ்சம் டீசல், கொஞ்சம் ஏரி.
ஏற்றட்டுமா என்றான்.
வேண்டாம் என்றேன்.